மாசியில் யோசிக்க வேண்டியதை ஐப்பசியில் யோசிக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் குடும்பங்கள் கடனில் தவிப்பது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. வட்டிக்காரர்களும், வாரக்குழு வைத்துக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களும் உறிஞ்சுகிறார்கள் என்பது ஒன்று. வரவுக்கு மீறி ஆடம்பரம் செய்கிறார்கள், காதுகுத்துக்கு எதற்கு இத்தனை ஃப்ளெக்ஸ் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வரவையும் தவணையையும் மாதவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று தெரியும். கடன் வாங்கும் முடிவை, கையிலும் காசு இல்லாமல் மனமும் ஒரு நிலையில் இல்லாத ஐப்பசியில் எடுக்கிறோம். நெல் விற்ற பணம் கையில் இருக்கிற மாசியில் அடுத்த ஆண்டுக் கடனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

சம்பா மட்டும் செய்யும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஏக்கர், ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 55 என்றால் 165 சிப்பம். 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம் குவிண்டால் ₹2,545, சிப்பத்துக்கு ₹1,018. ஆக மொத்தம் ₹1,67,970. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நின்று, மூட்டை தேங்காமல், எடை குறையாமல் போனால் இந்தத் தொகை ஒரே நாளில் வங்கிக் கணக்கில் ஏறும். சாகுபடிச் செலவை ஏக்கருக்கு ₹30,000 என்று குறைத்தே போட்டாலும் ₹90,000 போய்விடும். மிச்சம் ₹77,970. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ₹6,500 கூட முழுதாக இல்லை. கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்கிறது, குடும்பத்தின் உண்மையான மாத வருமானமோ ஆறாயிரத்துச் சொச்சம். மனம் எதை நம்பும்? பெரிய எண்ணைத்தான். அந்த வாரத்தில் பேசி முடிக்கும் பைக்கும், ஒப்புக்கொள்ளும் சீரும், வாக்குக் கொடுக்கும் கைமாத்தும் எல்லாம் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துச் செய்தவை.

இதற்குப் பிறகு ஆண்டில் இரண்டு பள்ளங்கள் வரும். முதலாவது ஜூன். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவையும் செய்பவர்களுக்கு உழவும் விதையும் நடவும் அப்போதே கேட்கும். அதே மாதம் பள்ளிக்கூடக் கட்டணம், புத்தகம், சீருடை. இரண்டாவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை. தீபாவளி, சம்பாவுக்குக் களைபறிப்பு, மேலுரம், பூச்சிமருந்து எல்லாம் ஒன்றாக வரும். 45 கிலோ யூரியா மூட்டை ₹266.50, 50 கிலோ டிஏபி ₹1,350 என்பது அரசு விலை. தட்டுப்பாட்டு நேரத்தில் இணைப்புப் பொருள் வாங்கினால்தான் உரம் என்று கடையில் சொல்வதும் அந்த மாதத்தில்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கூலி வேலையும் நின்றுபோகும். பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமான கடைசி நாளான நவம்பர் 15-உம் இந்தப் பள்ளத்தின் நடுவில்தான் விழுகிறது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், இருந்தும் பலர் அதைத் தவறவிடுவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அன்றைக்குக் கையில் இருக்கிற காசை எதற்குக் கொடுப்பது என்ற போட்டியில், இனிமேல் வரக்கூடும் என்கிற வெள்ளத்தை விட இப்போது வாசலில் நிற்கிறவர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

பணமுடை யோசனையையே மட்டுப்படுத்தும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன் ஒருமுறையும், பணம் கைக்கு வந்தபின் ஒருமுறையும் புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் எதையாவது அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின்னர் 4 சதவீதம். பணம் வந்த பிறகு அதே ஆட்கள் வேகமாகவும் தவறு குறைவாகவும் பதில் சொன்னார்கள். கரும்பு வெட்டும் தேதி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதைப் பருவநிலையின் விளைவு என்று தள்ளிவிட முடியாது. முடை உள்ளவர் அறிவில் குறைந்தவர் அல்லர். 'நாளைக்கு யாருக்கு என்ன பதில் சொல்வது' என்பதே மூளையை நிறைத்திருக்கும்போது, கடன் பத்திரத்தின் நான்காம் பக்கத்தைப் படிக்க அதில் இடம் இருப்பதில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் வாங்கும் கடனில் கண்ணில் படுவது தவணைத் தொகை மட்டுமே. ₹50,000 கடன், இரண்டு ஆண்டு, 'வட்டி 12 பர்சென்ட்தான்' என்று ஒருவர் சொல்கிறார். ஆண்டுக்கு ₹6,000 வீதம் ₹12,000 வட்டி, மொத்தம் ₹62,000, நூற்று நான்கு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ₹596. மலிவாகத் தெரிகிறது. ஆனால் ஓராண்டு முடிவில் அசலில் ஏறக்குறைய பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகும் முழு ஐம்பதாயிரத்துக்கே வட்டி ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்று கணக்கிட்டால் அது 12 அல்ல, சுமார் 22 சதவீதம். செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று ₹1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ₹48,500 மட்டும் கையில் கொடுத்தால் ஏறக்குறைய 25. இதே மாதிரி நான்கு குழுவில் இருந்தால் வாரத்துக்கு ₹2,384, மாதத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். 596 என்ற எண்ணை நான்கு முறை தனித்தனியாகக் கேட்டவருக்குப் பத்தாயிரம் என்ற எண் ஒருபோதும் சொல்லப்படவில்லை.

தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் எழுதி ₹8,500 கொடுத்து, நாளுக்கு ₹100 வீதம் நூறு நாள் வாங்குவது கடைத்தெருவில் சாதாரணம். 'ஆயிரத்தைநூறுதானே வட்டி' என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 0.33 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 120. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று சொல்லப்படும் அடகுக்கடை வட்டி ஆண்டுக்கு 24. இவை எல்லாம் வெவ்வேறு மொழியில் சொல்லப்படுவதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாமல் போகிறது. ஒருவர் வாரத்துக்கு இவ்வளவு என்கிறார், ஒருவர் நாளுக்கு இவ்வளவு என்கிறார், மற்றொருவர் நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்கிறார். யார் என்ன சொன்னாலும் 'ஆண்டுக்கு எத்தனை சதவீதம், எல்லாப் பிடித்தமும் சேர்த்து?' என்று ஒரே கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். நுண்கடன் தரும் நிறுவனங்கள் அந்த ஆண்டு விகிதத்தைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரு விவரத் தாளில் எழுதித் தரவேண்டும் என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாங்க வேண்டும். போட்ட பிறகு வாங்கினால் பரணில் வைக்கத்தான் உதவும்.

இனி நகை. டெல்டாவில் நகைதான் மழைக்குக் குடை, அதில் தவறில்லை. தவறு, வைக்கும் விதத்தில் நடக்கிறது. ஐந்து பவுனையும் ஒரே ரசீதில் வைத்துவிட்டால் மாசியில் கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு வளையலைக் கூடத் திருப்ப முடியாமல் போகலாம், முழுத் தொகையையும் கட்டினால்தான் நகை வெளியே வரும் என்பார்கள். சங்கிலி ஒரு ரசீது, வளையல் ஒரு ரசீது, தோடு ஒரு ரசீது என்று பிரித்து வைப்பவர் அடுத்த அறுவடையில் குறைந்தது ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுவருவார். தேவை ₹40,000 என்றால் நாற்பதுக்குத் தக்க நகையை மட்டும் எடுத்துப் போக வேண்டும். பையோடு கொண்டுபோனால், 'இதுக்கு எழுபது தரலாமே' என்று கவுன்டரில் சொல்லும்போது மறுக்க மனம் வராது.

தங்கம் விலை ஏறும் காலத்தில் இன்னொரு வலை விரிக்கப்படுகிறது. விலை ஏற ஏற, வைத்த அதே நகைக்குக் 'கூடுதலாகத் தருகிறோம்' என்று போன் வரும். ஏறிய விலை நகையை மீட்க உதவாமல் கடனைப் பெருக்க உதவுகிறது. கெடு முடியும்போது வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பது வழக்கமாகிவிட்டால், இரண்டு ரூபாய் வட்டிக்கு நாலு வருடத்தில் வாங்கிய தொகையில் 96 சதவீதம் வட்டியாகவே போய்விடும், அசல் அசையாது. முழுத் தொகையையும் கட்டி மறுநாள் மறுபடி வைக்கச் சொல்லும் இடங்களில் அந்த ஒரு நாள் பணத்துக்கு வெளியில் தனி வட்டி. அம்மா வீட்டு நகையை விற்று ஒரு கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் வீட்டில் துக்கம் விழுந்தது போல் ஆகிவிடும். இருப்பதை இழக்கும் வலி, அதே அளவு கிடைக்கும் மகிழ்ச்சியை விடப் பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் டுவர்ஸ்கியும் 1979-இல் எழுதியது இதைத்தான். தாலிக்கொடியையும் பெண்ணுக்கென்று வைத்ததையும் விற்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மூன்று முறை மறு அடகு போன நகை, நான்காம் முறை ஏலத்தில் மூழ்குவதற்கு முன், அதில் ஒன்றைத் தாமே நல்ல விலைக்கு விற்று மற்றதை மீட்பது இழப்பு அல்ல.

நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகள் வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 கெடு. ₹2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். நகையை மதிப்பிடும்போது உரியவர் உடன் இருக்க வேண்டும். மொத்த எடை, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்தது, நிகர எடை, தரம் ஆகியவற்றை எழுதிய சான்று தரவேண்டும். கடனை முழுதாகக் கட்டியபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பாவிட்டால், தாமதம் அவர்களுடையது என்றால், நாளுக்கு ₹5,000 ஈடு. ஏலம் விட்டால் அடிப்படை விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு ஏலம் தோற்றால் 85. கடன் போக மிஞ்சியது ஏழு வேலை நாளுக்குள் உங்களுக்கு வரவேண்டும். இந்தக் கடைசி விதிதான் நம் பக்கத்தில் அதிகம் தெரியாதது. 'மூழ்கிப் போச்சு' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஐப்பசிக்கான எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் வேர் மாசியில் இருக்கிறது.

கொள்முதல் பணம் ஏறிய வாரத்தில் அந்த மூன்று ஏக்கர் குடும்பத்தின் கடன் இப்படி இருக்கிறது என்று வைப்போம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் ₹60,000. இரண்டு ரூபாய் வட்டிக்கு அடகில் ₹50,000, ஒன்பது மாத வட்டியோடு ₹59,000. உறவினரிடம் கைமாத்து ₹10,000. மொத்தம் ₹1,29,000. கட்டி முடித்தால் கையில் ₹38,970. இந்த எண்ணைத்தான் வீட்டில் எல்லோரும் காதால் கேட்க வேண்டும், ₹1,67,970-ஐ அல்ல.

கட்டும் வரிசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாசலுக்கு வந்து நிற்கும் வாரக்குழுக்காரருக்கு முதலில் கொடுக்கிறோம், ஏனென்றால் குழுவில் மற்ற பெண்கள் முன்னால் அவமானம். நோட்டீஸ் மட்டும் அனுப்பும் கூட்டுறவுச் சங்கத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய் வட்டி ஏறும். அதை விடப் பெரிய நட்டம், பழையதைக் கட்டாதவருக்குப் புதிய பயிர்க்கடன் கிடைக்காது. அப்போது அடுத்த சாகுபடிக்கு நகையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வட்டியில்லாக் கடன் போன இடத்தில் 24 சதவீதக் கடன் வந்து உட்காருகிறது. எனவே சங்கக் கடன் முதலில், கெடுவுக்குப் பத்து நாள் முன்பே. அடுத்து, வட்டி விகிதம் எதற்கு அதிகமோ அது. இரண்டுக்கும் ஒரே வட்டி என்றால் சிறியதை முழுதாக முடித்துவிடுவது நல்லது, ஒரு ரசீது கையை விட்டுப் போனால் அடுத்ததை அடைக்கும் தெம்பு வருகிறது. வாரத்தவணையைத் தவறவிடச் சொல்லவில்லை. அந்தக் கடனையும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டி முடிக்கலாம், நுண்கடனை முன்னதாக முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பதும் விதி.

அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) இல்லாததால் சங்கப் பக்கமே போக முடியாத குத்தகைக்காரர்கள் டெல்டாவில் ஏராளம். வாய்மொழிக் குத்தகையில் கோயில் நிலமும் மடத்து நிலமும் உழுபவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பாதிதான் பயன்படும். கிராம நிர்வாக அலுவலர் சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் எழுதினால் அவர்களுக்கும் வட்டியில்லாப் பயிர்க்கடனுக்கு வழி பிறக்கும். நெடுங்காலக் குறை இது, தனிக் கடிதம் வேண்டும்.

மீதி ₹38,970-ஐ அப்படியே சேமிப்புக் கணக்கில் விட்டால் பங்குனி முடிவதற்குள் கரைந்துவிடும். யாரும் வீணாக்கியதால் அல்ல, பெயர் இல்லாத பணத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடத் தோன்றும். விதைநெல்லைப் பசியிலும் குத்தித் தின்னாத ஊர் இது. அரிசிப் பானையில் இருப்பதும் வைக்கோல் கோட்டையில் கட்டி வைத்ததும் ஒரே நெல்தான், ஆனால் கட்டி வைத்ததற்கு 'விதை' என்று பெயர் விழுந்துவிட்டால் கை போகாது. பணத்துக்கும் மனம் இப்படித் தனித்தனிப் பை தைத்துக்கொள்கிறது என்பதை விளக்கிய ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ₹15,000-க்கு ஒரு வைப்புத்தொகை, ஜூன் 1-இல் முதிரும்படி. ₹12,000-க்கு இன்னொன்று, அக்டோபர் 10-இல் முதிரும்படி. வங்கியில் எத்தனை நாளுக்கு என்று நாள் கணக்காகவே கேட்டுப் போடலாம், ஒரு வருடம் என்று வழக்கமாக எழுதிவிடுவார்கள், விடக் கூடாது. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டாம். ரசீதின் பின்னால் பென்சிலால் 'ஸ்கூல், நாற்று' என்றும் 'மேலுரம், காப்பீடு, தீபாவளி' என்றும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு உடைக்க நேர்ந்தால் வட்டியில் சிறிது குறையும், அவ்வளவுதான். ₹27,000 இப்படிப் பூட்டப்பட்டால் ஐப்பசியில் வாங்கும் கடன் முற்றிலும் நிற்காது, ஆனால் தண்டல் வாங்கும் அளவுக்கு நெருக்கடி வராது.

இன்னொரு நுணுக்கம். பைக், டிவி, கைப்பேசித் தவணை தானாகப் பிடித்தமாகும் கணக்கிலேயே நெல் பணமும் வந்து விழுந்தால், மாசியில் எல்லாத் தவணையும் சுளுவாகப் போகும். ஆவணியில் கணக்கு வற்றியதும் தவணை திரும்பும். திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். கொள்முதல் நிலையத்தில் கொடுக்கும் கணக்கு வேறாகவும் தவணைக் கணக்கு வேறாகவும் இருந்து, மாதாமாதம் தவணைக்கு வேண்டியதை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு மாசியில் மொத்தப் பணம் ஏதும் வராது. அவர்களுக்குச் சிக்கல் வேறு. அறுவடை முழுக்க இயந்திரத்துக்குப் போய்விட்டது. நடவுக்கும் பல இடங்களில் வடமாநிலத் தொழிலாளர் குழுக்கள் வந்துவிட்டன. பெண்களுக்கு வேலை கிடைக்கும் வாரங்கள் குறைந்துகொண்டே போக, தவணை மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நுண்கடன் விதி. நல்ல விதி, ஆனால் டெல்டாவில் இது சராசரியால் ஏமாற்றுகிறது. ஆண்டுக்கு ₹1,44,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மாதச் சராசரி ₹12,000, பாதி ₹6,000, எனவே கடன் சரி என்று காகிதம் சொல்லும். கார்த்திகை மழையில் அந்த மாதம் வந்தது ₹4,000 மட்டும் என்றால்? தவணை ஆறாயிரம் அப்படியே நிற்கிறது. இரண்டாயிரத்துக்கு வேறொரு குழு, அல்லது தண்டல். அங்கேதான் சுற்று தொடங்குகிறது.

இதற்கு அதே 2022 விதிகளில் ஒரு திறவுகோல் இருக்கிறது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை மாற்றித் தரும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வாரத்தவணைதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாதத்தவணை கேட்கலாம். மகளிர் உரிமைத்தொகை ₹1,000 வழக்கமாக மாத நடுவில், 15-ஆம் தேதியை ஒட்டி ஏறுகிறது, தவணைத் தேதியை 17 அல்லது 18-க்குக் கேட்டு வாங்கலாம். கையெழுத்துக்கு முன் கேட்டால்தான் நடக்கும். குழுவாகக் கேட்டால் இன்னும் எளிது, பத்துப் பேர் சேர்ந்து அவமானப்படுவதற்குப் பதில் பத்துப் பேர் சேர்ந்து தேதியைப் பேசலாமே.

மிரட்டல் பற்றிச் சுருக்கமாக. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் நுண்கடன் வசூலுக்கு அழைக்கவோ வரவோ கூடாது. குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை வராதிருந்தால் ஒழிய வீட்டிலோ வேலையிடத்திலோ வந்து வசூலிக்கக் கூடாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. தனியார் கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, நாட்டில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். குழுவில் மற்றவருக்காக ஆதார் நகல் கொடுத்தவர்கள் கட்டாயம் வாங்கிப் பார்க்க வேண்டும், தம் பெயரில் தாம் வாங்காத கடன் ஓடுகிறதா என்று.

மொய் பற்றிச் சொல்லாமல் டெல்டாவின் கடைமடைக் கணக்கு முடியாது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைக் கேலி செய்பவர்கள் அதன் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை. வங்கி கதவைத் திறக்காத காலத்தில் ஒரு கிணற்றுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் வட்டியில்லா மூலதனம் திரட்டிக் கொடுத்த ஏற்பாடு அது. கெடு நாளை நாம் முடிவு செய்ய முடியாத கடன் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. அழைப்பிதழ் எப்போது வருகிறதோ அப்போது பழைய நடையை, அதாவது முன்பு நமக்கு வந்த மொய்யை, திருப்பி, மேலே புது நடையும் வைக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு வருமானம் நின்றது, அழைப்பிதழ் நிற்கவில்லை. எனவே மொய் நோட்டு பீரோவில் கிடக்கக் கூடாது. மாசியில் மற்ற கடன்களோடு அதையும் எடுத்து, அடுத்த ஆவணிக்குள் யார் யார் விருந்து வைக்கக்கூடும், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். பலர் இந்தத் தொகையைக் கடன் என்றே எண்ணுவதில்லை, நகையை வைத்து மொய் எழுதும் நாளில்தான் தெரிகிறது.

சீர், காதுகுத்து, பூப்புனித விழாவில் வேறு விதமான அழுத்தம். தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான், அவர்கள் 101 தட்டு வைத்தார்கள், மேளம் வைத்தார்கள், வீடியோ ஸ்டேட்டஸில் போயிற்று. மாதாமாதம் வருமானம் வரும் வீட்டின் அளவுகோல், ஆண்டுக்கு ஒருமுறை வருமானம் வரும் வீட்டுக்கும் அளவுகோலாகிவிடுகிறது. தாய்மாமனிடம் 'ஏன் மாமா இவ்வளவு செலவு' என்று கேட்டால் 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்பார். அந்த நாலு பேரும் அதே கடனில்தான் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் குறைத்தால் மானக்கேடு, பங்காளிகள் கூடிப் பேசி எல்லோரும் குறைத்தால் வழக்கம். ஆகையால் இதைத் தனி ஆளின் புத்திக்கு விட்டுவிடுவது நியாயமில்லை. தட்டு எத்தனை, மொய் உச்சம் எவ்வளவு என்று ஊர்க் கூட்டத்திலும் பங்காளிகள் பேச்சிலும் மாசியிலேயே முடிவாக வேண்டும். விழா குறித்த பிறகு யாரும் வாய் திறக்க முடியாது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். தை, மாசியில் ஒவ்வொரு நேரடி கொள்முதல் நிலையத்திலும் வாரம் ஒரு நாளாவது கூட்டுறவுச் சங்க அலுவலர் ஒருவர் உட்கார்ந்து, பழைய கடனைக் கட்டவும் குறுவைக்குப் புதிய மனுவை வாங்கவும் செய்தால், விவசாயி களத்தை விட்டு நகராமலே வட்டியில்லாக் கடனுக்குள் நின்றுவிடுவார். மாவட்ட ஆட்சியர்கள் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தைப் போல, மார்கழிக்குள் நுண்கடன் நிறுவனங்களையும் அழைத்து மாதத்தவணை, மழைக்காலத் தவணை விடுப்பு ஆகியவற்றைப் பேச வேண்டும்.

தங்களுக்கும் ஒன்று. தங்கம் விலையும் மேட்டூர் நீர்மட்டமும் நாள்தோறும் போடுகிறீர்கள். தை முதல் பங்குனி முடிய வாரம் ஒருமுறை அதன் கீழே ஒரு சிறு கட்டம் போடுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12, இரண்டு ரூபாய் என்றால் 24, நூறு நாள் தண்டல் என்றால் 120, கட்டிய பிறகும் முழு அசலுக்கே ஓடும் வட்டி 12 என்றால் உண்மையில் சுமார் 22, கெடுவுக்குள் கட்டிய சங்கக் கடன் 0. கூடவே, அந்தந்த வட்டத்துச் சங்கங்களில் பயிர்க்கடன் கட்ட வேண்டிய கடைசித் தேதியும் 14448 என்ற எண்ணும். நாலு அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.